இறால் குட்டையும் சூரிய மின்சாரமும்

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



மின்பொறியியல் படித்தவனுக்கு உப்புத் தண்ணீரில் என்ன வேலை என்று நண்பர்கள் கேலி செய்வார்கள். நாகை, வேதாரண்யம் கரையோர இறால் பண்ணைகளில் மோட்டார் பார்ப்பதுதான் என் பிழைப்பு. "சார், பேனல் போட்டா கரண்ட் பில்லே வராதாமே?" என்று இப்போது எல்லாரும் கேட்கிறார்கள்.

பகலில் குட்டையிலுள்ள பாசி வெயிலை வாங்கிப் பிராணவாயுவை விடும். இரவில் அதுவும் இறாலோடு சேர்ந்து மூச்சு வாங்கும். விடியற்காலையில்தான் பிராணவாயு மிகக் குறைவு. லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் கீழே போகவிடக் கூடாது. அந்நேரம் ஏரேட்டர் நின்றால், நூறு நாள் வளர்த்த வனாமி பொழுது விடிவதற்குள் போய்விடும். வெயில் இல்லாதபோதுதான் நமக்குக் கரண்ட் அதிகம் வேண்டும்!

பேட்டரி இருக்கிறதே என்பீர்கள். கணக்குப் போடுவோம். ஒரு குதிரைத்திறன் ஏரேட்டர் நாலு. மோட்டார் இழப்பையும் சேர்த்துச் சுமார் 4 கிலோவாட். பத்து மணி நேரத்துக்கு 40 யூனிட். 12 வோல்ட், 150 ஆம்பியர்-அவர் ஈய பேட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம், அதாவது 0.9 யூனிட். ஒரு குட்டைக்கே 45 பேட்டரி! லித்தியம் என்றால் எண்ணிக்கை குறையும், முதலீடு அப்போதும் பெரிதுதான்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. மின்வாரிய லைனோடு இணைத்த சாதாரண சோலார் இன்வெர்ட்டர், லைனில் கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்கக் கூடாதே! ஆகவே பேனல் இருக்கிறதென்று ஜெனரேட்டரை விற்றுவிடாதீர்கள்.

நான் சொல்லும் வழி இதுதான். தண்ணீர் இறைக்கும் பம்ப், தீவன இயந்திரம், பகல்நேர ஏரேட்டர் எல்லாம் வெயிலில் ஓடட்டும். இரவுக்கு லைனும் டீசலும். ஒரே ஒரு பேட்டரி மட்டும் வையுங்கள், பிராணவாயு அளக்கும் கருவிக்கும் அலாரத்துக்கும். காவல்காரர் தூங்கினாலும் அது தூங்காது.

பேனலை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். குட்டைத் தண்ணீர் உப்புப் படியும். நீர்க்காகத்தின் எச்சம் வேறு! போல்ட்டு, எர்த்திங் இரண்டையும் உப்புக்காற்று விடாது, மாதம் ஒருமுறை பாருங்கள்.

மாணவர்கள் யாராவது இதைப் பிராஜெக்டாக எடுப்பதானால் வாருங்கள். பகலில் வேண்டாம், ராத்திரி மூணு மணிக்குக் குட்டைக்கரைக்கு வாருங்கள்; டீ நான் தருகிறேன்.