மூன்று 'எஸ்' எடுத்த பிள்ளை எங்கே போவது?

(திருகோணமலையில் நடந்த பெற்றோர், மாணவர் கல்விக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மேடையில் கல்வியைப் பற்றிப் பேசினால் மூன்று 'ஏ' எடுத்த பிள்ளையைப் பற்றித்தான் பேசுவோம். அந்தப் பிள்ளைக்கு மாலை போட ஆள் இருக்கிறது. நான் பேச வந்தது ஒரு 'சீ', இரண்டு 'எஸ்' எடுத்துவிட்டு, பெறுபேறு வந்த நாளிலிருந்து வீட்டை விட்டு வெளியே வராத பிள்ளையைப் பற்றி. நம்முடைய லயங்களிலும், 1977க்கும் 1983க்கும் பிறகு மலையிலிருந்து அடிபட்டு வந்து இந்த மாவட்டத்தில் குடியேறிய குடும்பங்களிலும் நான் அதிகம் பார்ப்பது அந்தப் பிள்ளையைத்தான். உயர்தரத்தில் மூன்று பாடமும் சித்தியடைந்த பிள்ளையை "பெயில்" என்று சொல்வதை முதலில் நிறுத்துங்கள்.

அந்தப் பிள்ளையைத் தேடித்தான் வர்ணத் துண்டுப்பிரசுரம் வருகிறது. "உங்கள் பிள்ளை புலமைப்பரிசிலுக்குத் தெரிவாகியுள்ளார், 50 வீதம்" என்று போட்டிருப்பார்கள். கணக்குப் பார்ப்போம். பாடநெறிக் கட்டணம் மூன்று லட்சம் என்று வைத்துக்கொள்வோம். பாதி கழித்தால் ஒன்றரை லட்சம். 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. அதன்படி ஒன்றரை லட்சம் என்பது 111 நாள் கொழுந்து. பெயர் கொடுத்த எல்லோருக்கும் 50 வீதம் என்றால் அது புலமைப்பரிசில் இல்லை, தீபாவளிக் கழிவு. தங்கச்சிக்கு வைத்த நகையை அடகு வைக்க முன் இரண்டு கேள்வி கேளுங்கள். பட்டம் என்றால், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவோ கல்வி அமைச்சோ அங்கீகரித்ததா? டிப்ளோமா, சான்றிதழ் என்றால், மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிந்த இலக்கம் என்ன? இலக்கத்தைச் சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

இனி உண்மையான புலமைப்பரிசில். மஹாபொல நிதியம் 1981ஆம் ஆண்டின் சட்டத்தால் வந்தது. பலர் அது முதல் மாணவனுக்கு மட்டும் என்று நினைக்கிறார்கள். பல வருடமாக, திறமை அடிப்படையில் எடுத்தவருக்கு மாதம் 5,050 ரூபா, வருமானம் பார்த்து எடுத்தவருக்கு 5,000 ரூபா. வித்தியாசம் ஐம்பதே ரூபா! 2025 வரவு செலவுத் திட்டத்தில் 5,000 ரூபாவை 7,500 ஆக்கினார்கள். மஹாபொல கிடைக்காத வறிய பிள்ளைக்குப் பல்கலைக்கழகம் வழியாகக் கொடுக்கும் உதவிப்பணம் 4,000 ரூபாவிலிருந்து 6,500 ஆனது. இன்னொன்று, அபிவிருத்தி லொத்தர் சபையின் இலாபத்திலிருந்தும் இந்த நிதியத்துக்குக் காசு போகிறது. வாராவாரம் சீட்டு வாங்கும் அப்பாமார் ஏற்கெனவே கட்டிவிட்டீர்கள், பிள்ளைக்குத் திரும்ப வாங்கிக் கொடுங்கள்.

பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் முழு இலங்கைத் திறமைப்படி. 55 வீதம் மாவட்டங்களுக்கு, சனத்தொகைப்படி. மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. திருகோணமலை, நுவரெலியா, பதுளை, இரத்தினபுரி அந்தப் பதினாறுக்குள் இருக்கின்றன. கண்டி, மாத்தளை, கேகாலை இல்லை. அதனால் கொழும்பில் ஒரு பிள்ளைக்குப் போதாத இசட் புள்ளி இங்கே போதுமானதாக இருக்கலாம். இதெல்லாம் விண்ணப்பம் சரியாக நிரப்பினால்தான். சட்டம், முகாமைத்துவம் என்று நாலைந்து தெரிவை மட்டும் போட்டுவிட்டு மிச்சத்தை வெறுமையாக விட்ட விண்ணப்பங்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். தகுதியுள்ள பாடநெறி எல்லாவற்றையும் வரிசையாகப் போடுங்கள். இந்த ஊரிலேயே, கோணேசபுரியில், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது. தொடர்பாடல் இருக்கிறது, வணிகம் இருக்கிறது, சித்த மருத்துவமும் இருக்கிறது. உயிரியல் படித்த எத்தனை பிள்ளைகள் சித்த மருத்துவத்தைத் தெரிவில் போட்டீர்கள்? கையைத் தூக்குங்கள் பார்ப்போம்.

வளாகத்துக்கும் புள்ளி போதவில்லையா? உயர் தொழில்நுட்பவியல் நிறுவனம், நாம் ஏடிஐ என்று சொல்வது, இங்கே திருகோணமலையில் உண்டு. மட்டக்களப்பு, வவுனியா, யாழ்ப்பாணம், கண்டி, பதுளையிலும் உண்டு. 1995ஆம் ஆண்டின் சட்டப்படி நடக்கும் அரச நிறுவனம். கணக்கியல், தகவல் தொழில்நுட்பம், ஆங்கிலம் போன்றவற்றில் உயர் தேசிய டிப்ளோமா. முழுநேரம் படித்தால் இலவசம். மஹாபொலவுக்கும் விண்ணப்பிக்கலாம். வார இறுதி வகுப்புக்குக் காசு கட்ட வேண்டும், அதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். மூன்று 'எஸ்' உள்ள பிள்ளை விண்ணப்பிக்கக்கூடிய இடம் இது. ஆனால் ஒன்றை மறைக்க மாட்டேன்: படிப்பு ஆங்கிலத்தில். முதல் ஆறு மாதம் கண்ணீர் வரும். பெறுபேறு வரும்வரை வீட்டில் சும்மா இருக்கும் மாதங்களை ஆங்கிலத்துக்குக் கொடுங்கள்.

உயர்தரமே சரிவராத பிள்ளையும் இருக்கிறது. தேசிய தொழில் தகைமை, என்விகியூ, ஏழு மட்டம் கொண்டது. ஏழாவது மட்டம் பட்டம். வெல்டிங், மின்சாரம், மோட்டார் என்று மூன்றாம் நான்காம் மட்டத்தில் தொடங்கும் பிள்ளை, ஐந்து, ஆறு முடித்து, ரத்மலானையில் உள்ள தொழிற்கல்வித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் வரை போகலாம். வேலையைத் தேடி எங்கும் பார்க்கத் தேவையில்லை, துறைமுகத்தைச் சுற்றிப் பாருங்கள். பிரிமா மாவாலை, டோக்கியோ சீமெந்து, சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகள். அங்கே உள்ளே போகிற பிட்டரும் எலெக்ட்ரீசியனும் ஏன் நம் பிள்ளைகளாக இருக்கக்கூடாது? விடுதியோடு படிக்க வேண்டுமென்றால் கிளிநொச்சி அறிவியல்நகரில் 2016இல் திறந்த ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவகம் இருக்கிறது.

தோட்டத் தொழிலாளியின் பிள்ளை என்பதற்காகவே கிடைக்கும் உதவியும் ஒன்று உண்டு. இலங்கைத் தோட்டத் தொழிலாளர் கல்வி நிதியம். 1940களில் தொடங்கியது, இன்று இந்தியத் தூதரகத்தின் பொறுப்பில், கண்டி உதவி உயர்ஸ்தானிகராலயம் வழியாக நடக்கிறது. உயர்தர மாணவருக்கும் பல்கலைக்கழக மாணவருக்கும் கொடுக்கிறார்கள். விளம்பரம் தமிழ்ப் பத்திரிகையில் வரும். வடை சுற்றிய பேப்பரில் முடிவுத் திகதி கழிந்த பிறகு பார்க்காதீர்கள். ஒவ்வொரு தோட்டக் கமிட்டியிலும் பத்திரிகை பார்க்கவென்று ஒருவரை வையுங்கள், அது தலைவராக இருக்க வேண்டியதில்லை.

நம் பிள்ளைகள் தோற்பது அநேகமாகப் புள்ளியில் அல்ல, பத்திரத்தில். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பாடசாலையில் ஒரு பெயர், அடையாள அட்டையில் மூன்றாவது பெயர். அப்பாவின் பெயர் செக்ரோலில் வேறு. ஒரு எழுத்துக்காக ஒரு வருடம் போய்விடும். சாதாரண தரம் எழுத முன்பே இதைத் திருத்துங்கள். வருமானச் சான்றிதழுக்குக் கிராம உத்தியோகத்தரிடம் போகும்போது அம்மா, அப்பா இருவரது கடைசி மூன்று மாதச் சம்பளச் சிட்டையும் கையில் இருக்கட்டும். "தோட்டத்து ஆள், தோட்டத்திலேயே கேளுங்கள்" என்று திருப்பி அனுப்பினால் சண்டை பிடிக்காமல் திகதியையும் நேரத்தையும் எழுதிக்கொண்டு வந்து எங்களிடம் கொடுங்கள். பிரதேச செயலகத்தில் பேசுவது சங்கத்தின் வேலை. சந்தாக் கட்டுவது அதற்கும்தான்.

சாப்பாட்டுக்குப் பிறகு வாசலருகே இரண்டு மேசை போடுவோம். ஒன்றில் விண்ணப்பம் நிரப்புவது, மற்றதில் பெயர்த் திருத்தம். பிறப்புச் சான்றிதழ் கொண்டு வந்தவர்கள் இரண்டாவது மேசைக்கு முதலில் வாருங்கள், அங்கேதான் நேரம் எடுக்கும். கொண்டு வராதவர்கள் பிள்ளையின் சுட்டெண்ணையாவது எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.