நகராட்சி கட்டிய பாலம்



பல்கலைக்கழகம் ஒருபுறம்; விரைந்து வளரும் தொழில் நிறுவனங்கள் மறுபுறம். இவற்றிற்கிடையே நகராட்சிக்கு என்ன வேலை? தெருவைத் தூய்மை செய்வதும் வரி தண்டுவதுமன்றி அதற்கு வேறு பணி உண்டா? உண்டென்று மெய்ப்பித்த ஊர், பின்லாந்தின் வடபால் உள்ள ஔலு.

மரக்கலங்களுக்குப் பூசும் கீலை ஏற்றுமதி செய்து வாழ்ந்த ஊர் அது. கலங்கள் இரும்பாயின, கீல் வணிகம் ஒடுங்கிற்று. 1958இல் அங்குப் பல்கலைக்கழகம் நிறுவப்பெற்றது. 1974இல் நாட்டரசின் தொழில்நுட்ப ஆய்வு நடுவம் மின்னணுவியல் ஆய்வகத்தை அங்கே அமைத்தது. அப்பல்கலைக்கழகப் பேராசிரியர் செப்போ சாய்னயாகங்கசு 1977இல் போலார் நிறுவனத்தைத் தொடங்கினார். ஓடுபவரின் நெஞ்சத்துடிப்பைக் கம்பியின்றிக் காட்டும் கருவி 1982இல் அங்கிருந்து வெளிவந்தது.

ஆனால், எல்லாப் பேராசிரியரும் தொழில் தொடங்க வல்லரோ? மூவர் கூடித் தொடங்கும் சிறு நிறுவனத்துக்குக் கடன்தர ஈடு கேட்பர். இடங்கொடுப்போர் முன்பணம் கேட்பர். இவ்விடத்தில்தான் நகராட்சி கைகொடுத்தது. 1982இல் பல்கலைக்கழகத்தோடும் தொழில் நிறுவனங்களோடும் பங்கு சேர்ந்து 'தொழில்நுட்பச் சிற்றூர்' என்னும் நிறுவனத்தை உருவாக்கிற்று. பல்கலைக்கழகத்தை அடுத்தே கட்டடங்கள் எழுந்தன. ஆய்வகத்தில் ஐயம் தீர்த்துக்கொண்டு தொழிற்கூடத்துக்கு நடந்தே திரும்பலாம்!

நகராட்சிக்கு இதனால் என்ன ஊதியம்? அந்நாட்டில் குடிமக்களின் வருமானத்தின்மேல் நகராட்சியும் வரி விதிக்கிறது. ஊரில் ஒருவனுக்கு வேலை கிடைத்தால் அதன் பயன் நகராட்சிக் கருவூலத்தையும் சேரும். ஆகவே அதனால் பொறுத்திருக்க முடிந்தது. (நம் நகராட்சிகளுக்கு அவ்வுரிமை இல்லை என்பதை மறவாதீர்கள்.)

2003இல் நகராட்சியும் பல்கலைக்கழகமும் பிறரும் கூடி, ஊர்ப் பொதுவிடங்களில் கட்டணமில்லாக் கம்பியில்லா இணையத்தைப் பரப்பின. மக்களுக்கு அது வசதி. ஆய்வாளருக்கோ ஊரே ஆய்வகம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். நெடுங்காலம் சுவீடிய மொழியே ஆட்சி செலுத்திய நாடு அது. எனினும் தொலைபேசிக்குப் 'பேசு' என்னும் தம் சொல்லடியாகப் 'புகெலின்' என்றும், கணிப்பொறிக்கு 'அறிவுப்பொறி' எனப் பொருள்படும் 'தியெதோகோனே' என்றும் தம் மொழியிலேயே பெயரிட்டுக்கொண்டனர். உலகச் சந்தையில் விற்க அப்பெயர்கள் தடையாகவில்லை.

குறையும் உண்டு. ஊர் நோக்கியா என்னும் ஒரு மரத்தின் நிழலிலேயே பெரிதும் ஒதுங்கிற்று. 2014இல் அதன் கைப்பேசிப் பிரிவை மைக்ரோசாப்டு வாங்கியது. அவ்வாண்டே ஔலுவின் கைப்பேசிப் பணியகத்தை மூடுவதாகவும் அறிவித்தது. கைதேர்ந்த பொறியாளர்கள் வேலையிழந்தனர். ஒரே வாங்குவோனை நம்பிய சிறு நிறுவனங்களின் நிலையை எண்ணிப் பாருங்கள்! அத்துணைப் பெரிய சாய்வை நகராட்சி முன்பே தடுத்திருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

ஆயினும் ஊர் பாழாகவில்லை. 2009இலேயே நகராட்சி, பல்கலைக்கழகம், ஆய்வு நடுவம் ஆகியன கூட்டு உடன்படிக்கை செய்துகொண்டிருந்தன. வேலையிழந்த பொறியாளரை நாடி வெளிநாட்டு நிறுவனங்கள் அங்கே பணியகம் அமைத்தன. தூக்கத்தையும் நெஞ்சத்துடிப்பையும் அளக்கும் ஔரா கணையாழி 2013இல் அவ்வூரில் தொடங்கிய நிறுவனத்தின் படைப்பே. கம்பியில்லாத் தொடர்புக் கோபுரங்களுக்கான கருவிகள் செய்யும் நோக்கியாப் பிரிவு ஊரைவிட்டு நீங்கவில்லை. 2018இல் அப்பல்கலைக்கழகம் ஆறாந் தலைமுறைக் கம்பியில்லாத் தொடர்பு பற்றிய பேராய்வைத் தொடங்கிற்று.