ஒரு சாவு, இரண்டு ஊர்வலங்கள்



வரலாறு, நாட்டார் வழக்காற்றியல், அரசியல் அறிவியல் ஆகிய மூன்று துறையாரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து, தலைவர்களின் சாவை மக்கள் எப்படி எதிர்கொள்கிறார்கள் என்று பேசப்போகிறோம். மூன்று துறைகள் கூடினால் தலைமையுரையும் மூன்று மடங்கு நீள்வது நம் கல்விப்புல மரபு. அந்த மரபை நான் காப்பாற்றப்போவதில்லை. ஒரே ஒரு சாவை எடுத்துக்கொள்கிறேன். நம்மூர்ச் சாவு ஒன்றைத் தொட்டால் மதியச் சாப்பாட்டுக்குள் இந்த அவையே கட்சி பிரிந்துவிடும். அதனால் கொஞ்சம் தள்ளிப் போகிறேன். 2013 ஏப்ரல் 8ஆம் நாள் லண்டன் ரிட்ஸ் ஓட்டலில், பக்கவாதம் தாக்கி, 87 வயதில் இறந்துபோன முன்னாள் பிரிட்டிஷ் பிரதமர் மார்கரெட் தாட்சரின் சாவு அது.

அவருடைய இறுதிச் சடங்கு ஏப்ரல் 17இல் நடந்தது. அன்று இங்கிலாந்தில் இரண்டு ஊர்வலங்கள் புறப்பட்டன. முதல் ஊர்வலத்தை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. கொடி போர்த்திய பெட்டியைப் பீரங்கி வண்டியில் ஏற்றி, ஆறு கறுப்புக் குதிரைகள் செயின்ட் பால் பேராலயத்துக்கு இழுத்துச் சென்றன. பிக் பென் மணி வாயடைத்து நின்றது. எலிசபெத் அரசியார் நேரில் வந்திருந்தார். 1965இல் சர்ச்சிலின் சடங்குக்குப் பிறகு ஒரு பிரதமரின் சடங்குக்கு அவர் போனது அதுவே முதல் தடவை. பெயரளவில் அது அரசு இறுதிச் சடங்கு அல்ல, அதற்கு ஒரு படி கீழான இராணுவ மரியாதைச் சடங்கு. ஆனாலும் காவல் செலவையும் சேர்த்து மூன்று மில்லியன் பவுண்டுக்கு மேல் பொதுப்பணம் போனது. வழியில் ஒரு சிறு கூட்டம் வண்டிக்கு முதுகைக் காட்டி நின்றது. அவர்கள் எழுப்பிய கூச்சலை மற்றவர்களின் கைதட்டல் அமுக்கிவிட்டது.

இரண்டாவது ஊர்வலம் தெற்கு யார்க்‌ஷயரின் கோல்ட்தோர்ப் என்ற பழைய நிலக்கரிச் சுரங்க ஊரில் கிளம்பியது. அங்கும் குதிரை வண்டிதான், அங்கும் சவப்பெட்டிதான். பெட்டிக்குள் தாட்சரின் கொடும்பாவி. தெருத்தெருவாக இழுத்துப்போய், கடைசியில் பெட்டியோடு சேர்த்துக் கொளுத்தினார்கள்.

இவற்றில் எது நாகரிகம், எது அநாகரிகம் என்று அந்த வாரம் முழுக்க பிரிட்டன் சண்டை போட்டது. நம் கருத்தரங்கு அந்தச் சண்டைக்குள் இறங்கக் கூடாது என்பதே என் முதல் வேண்டுகோள். இரண்டு ஊர்வலங்களும் சாட்சியங்கள். யார் எடுத்தார்கள், எந்த ஊரில் எடுத்தார்கள், யாருடைய பணத்தில் எடுத்தார்கள், எதை நினைத்துக்கொண்டு எடுத்தார்கள் என்பவையே நாம் கேட்க வேண்டிய கேள்விகள்.

செத்தவரைப் பற்றிக் கெட்டது பேசலாகாது என்பது பல சமூகங்களில் உள்ள வழக்கம். எதிர்வீட்டுக்காரர் இறந்தால் நானும் அப்படித்தான் வாயை மூடிக்கொள்வேன். அந்த வழக்கம் இரு தரப்பும் அடங்கி இருப்பதை நம்பி நிற்கிறது. ஒரு பிரதமர் இறக்கும்போது ஒரு தரப்பு அடங்கி இருப்பதில்லை. ஏப்ரல் 10இல் விடுமுறையிலிருந்த நாடாளுமன்றத்தைத் திரும்பக் கூட்டினார்கள். மணிக்கணக்கில் புகழுரைகள். புகழுரை என்பதும் ஓர் அரசியல் வாதம்தானே! இவர் நாட்டைக் காப்பாற்றினார் என்று அரசே பேசத் தொடங்கிய பிறகு, இல்லை என்பவர் மட்டும் வாய்பொத்தி நிற்க வேண்டும் என்றால், துக்கம் ஒரு தரப்பின் வாதமாகிவிடுகிறது. அன்று தொழிற்கட்சி உறுப்பினர் கிளெண்டா ஜாக்சன் எழுந்தார். இரண்டு முறை ஆஸ்கர் வாங்கிய நடிகை. தாட்சர் காலத்தில் தன் தொகுதி மக்கள் பட்ட பாட்டை, பேராசை நற்குணமாகக் கொண்டாடப்பட்டதை, ஒளிக்காமல் அடுக்கினார். ஆளுங்கட்சி உறுப்பினர் ஒருவர் ஒழுங்குப் பிரச்சினை எழுப்பினார். அவைத்தலைவர் ஜான் பெர்கோ ஏற்கவில்லை. ஜாக்சன் பேசியதில் அவை மரபுக்கு மாறானது எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டார். அந்தத் தீர்ப்பு இந்த அவைக்கும் பொருந்தும் என்று வைத்துக்கொள்வோம்.

இயக்குநர் கென் லோச்சின் கிண்டலையும் இங்கே சொல்லாமல் விட மனமில்லை. எல்லாவற்றையும் தனியாருக்கு விற்றவரின் இறுதிச் சடங்கையும் தனியாருக்கே விடலாம், டெண்டர் கோரி மிகக் குறைந்த தொகை சொல்பவருக்குக் கொடுக்கலாம் என்றார் அவர். கோபமாகச் சொன்ன பல அறிக்கைகளைவிட இந்த ஒரு கிண்டல் தாட்சரின் பொருளாதாரக் கொள்கையைத் தெளிவாகப் புரிந்துவைத்திருக்கிறது.

இனி, ஊர்களின் பெயர்களைக் கவனியுங்கள். செய்தி வந்த அன்று மாலையே கூட்டம் கூடிய இடங்களில் ஒன்று கிளாஸ்கோவின் ஜார்ஜ் சதுக்கம். தாட்சர் அரசின் தலைவரி, அதாவது ஆளுக்கு இவ்வளவு என்ற வரி, இங்கிலாந்துக்கு ஓராண்டு முன்னதாக, 1989இலேயே ஸ்காட்லாந்தில் விதிக்கப்பட்டது; பரிசோதனை எலி ஆக்கினார்கள் என்ற ஆத்திரம் அங்கே இன்றும் உண்டு. இன்னோர் இடம் தெற்கு லண்டனின் பிரிக்ஸ்டன். 1981இல் கறுப்பின இளைஞர்களுக்கும் காவல்துறைக்கும் மோதல் வெடித்த பகுதி. வட அயர்லாந்தின் மேற்கு பெல்ஃபாஸ்ட், டெர்ரி ஆகிய இடங்களிலும் கூடினார்கள். 1981 உண்ணாவிரதத்தில் பாபி சாண்ட்ஸ் முதலாக ஐரிஷ் குடியரசுவாதக் கைதிகள் பத்துப்பேர் சிறையில் செத்ததை அங்கே சுவர் ஓவியங்களாக வரைந்துவைத்திருக்கிறார்கள். வரைபடத்தை விரித்து இந்த இடங்களில் புள்ளி வைத்தால், அது அந்தப் பதினொன்றரை ஆண்டு ஆட்சியில் தோற்றவர்களின் வரைபடமாக இருக்கும்.

ஆனால் ஆண்டுக்கணக்கைச் சரிபார்க்கும்போது ஒரு முடிச்சு விழுகிறது. அதைத்தான் இன்று கொஞ்சம் நின்று பார்க்க விரும்புகிறேன். தாட்சர் பதவி இழந்தது 1990 நவம்பரில். அவர் சாவைக் கொண்டாடிய டர்ஹம் பகுதி ஊரான ஈசிங்டனின் சுரங்கம் மூடப்பட்டது 1993இல். கோல்ட்தோர்ப் சுரங்கம் 1994இல். இரண்டையும் மூடியது அவருக்குப் பின் வந்த ஜான் மேஜரின் அரசு. அப்படியானால் கொடும்பாவி தவறான ஆளுக்கா? காலவரிசை மட்டும் பார்க்கும் வரலாற்றாசிரியர், மக்கள் நினைவு குழம்பிவிட்டது என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். அந்த ஊர்க்காரர்களைக் கேட்டால் வேறு கணக்குச் சொல்வார்கள்: சுரங்கம் மூடப்பட்டது 1994இல் என்றால், தோற்றது 1985 மார்ச்சில். 1984 மார்ச்சில் தொடங்கி ஓராண்டு நடந்த சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் முறிந்த நாளிலேயே மீதி எல்லாம் முடிவாகிவிட்டது என்பது அவர்கள் கணக்கு.

அவர்கள் கணக்குக்கு ஆதாரமும் வந்தது. தாட்சர் இறந்து ஒன்பது மாதம் கூட நிறையாத 2014 ஜனவரியில், முப்பதாண்டு கடந்த அமைச்சரவைக் கோப்புகள் பொதுப்பார்வைக்கு வந்தன. வேலைநிறுத்தக் காலத்தில் அரசும் நிலக்கரி வாரியமும் மூடப்போவதாகத் திரும்பத் திரும்பச் சொன்ன எண் 20 சுரங்கங்கள். சுரங்கத் தொழிலாளர் சங்கத் தலைவர் ஆர்தர் ஸ்கார்கில் எழுபதுக்கும் மேல் மூடப்போகிறார்கள் என்றபோது பொய் என்று மறுத்தார்கள். கோப்பில் இருந்ததோ, 1983 செப்டம்பரிலேயே வாரியத் தலைவர் மெக்ரிகர் 75 சுரங்கங்களை மூன்றாண்டில் மூட எண்ணியிருந்தார் என்ற குறிப்பு. ஸ்கார்கிலின் மற்ற முடிவுகள் பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. உறுப்பினரிடம் நாடளாவிய வாக்கெடுப்பு நடத்தாமல் போராட்டத்துக்கு இறங்கியது பெரும்பிழை. ஆனால் எண்ணில் அவர் சொன்னதே உண்மைக்குப் பக்கத்தில் இருந்தது. கோல்ட்தோர்ப்பில் கொடும்பாவி எரித்தவர்கள் அந்தக் கோப்பைப் படித்துவிட்டு எரிக்கவில்லை. ஆவணக் காப்பகம் திறப்பதற்கு முன்பே அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஊர் நினைவு ஆண்டுகளைக் கலைத்து அடுக்கும், ஒருவர் பழியை இன்னொருவர் தலையில் ஏற்றும். ஆனாலும் கோப்பு ஒளித்ததை அது பத்திரமாக வைத்திருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்கும் பயிற்சி நம் துறைகளில் இன்னும் போதவில்லை.

கொடும்பாவி என்றதும் நாட்டார் வழக்காற்றியல் நண்பர்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். கோல்ட்தோர்ப்காரர்கள் அதைப் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. 1605ஆம் ஆண்டின் வெடிமருந்துச் சதிக்காக, ஒவ்வொரு நவம்பர் 5இலும் கை ஃபாக்ஸின் உருவத்தை எரிக்கும் நாடு அது. முடியாட்சியை வீழ்த்திய ஆலிவர் கிராம்வெல் 1658இல் இறந்தபோது அரசருக்கு நிகரான சடங்கு நடத்தினார்கள். 1661 ஜனவரியில் அதே உடலைத் தோண்டியெடுத்துத் தூக்கில் தொங்கவிட்டு, தலையைக் கம்பத்தில் செருகினார்கள். 1822இல் வெளியுறவு அமைச்சர் காசல்ரே தற்கொலை செய்துகொண்டு அவர் பெட்டி வெஸ்ட்மின்ஸ்டர் மடத்துக்குள் போனபோது வாசலில் கூட்டம் ஆரவாரம் செய்தது. ஆக, பிரிட்டனில் இப்படி எப்போதுமே நடந்ததில்லை என்று 2013இல் பத்திரிகைகள் எழுதிய தலையங்கங்களில் வரலாற்றறிவு குறைவு.

அதற்காக அந்த வாரத்தின் எல்லாக் கூத்தையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். டிரஃபால்கர் சதுக்கத்தில் ஏப்ரல் 13 சனிக்கிழமை, மழையில் நனைந்தபடி நடந்த கூட்டம் பல ஆண்டுகளுக்கு முன்பே திட்டமிட்டது. தாட்சர் இறந்த பின் வரும் முதல் சனிக்கிழமை அங்கே கூடுவது என்று அராஜகவாதிகள் சொல்லிவைத்திருந்தார்கள். வந்தவர்களில் அவர் பதவி விலகியபோது பிறந்திராதவர்களும் நிறைய. அப்பா அம்மாவிடமிருந்து கோபத்தையும் வாரிசாகப் பெறலாம்தான். இருந்தாலும் நாள்குறித்த கொண்டாட்டத்தைவிட, வேலை போன ஊரில் தானாக எழுந்த ஊர்வலத்தையே நான் கனமான சாட்சியமாக எடுப்பேன். 1939ஆம் ஆண்டுத் திரைப்படம் ஒன்றில் சூனியக்காரி செத்ததைப் பாடும் பாட்டை ஆயிரக்கணக்கில் வாங்கித் தரவரிசையில் இரண்டாம் இடத்துக்கு ஏற்றியதும், பிபிசி அதை முழுதாக ஒலிபரப்பாமல் செய்தித் துணுக்கோடு ஐந்தே விநாடி போட்டு இரு தரப்பிடமும் திட்டு வாங்கியதும் ஊடக ஆய்வாளர்களுக்கு நல்ல தீனி. எனக்கு அதில் பெரிய சுவை இல்லை. கடைசி ஆண்டுகளில் நினைவு மங்கிப்போயிருந்த ஒரு மூதாட்டியின் சாவுக்கு ஷாம்பெய்ன் உடைப்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. என் விருப்பு வெறுப்பு ஆய்வுமுறை அல்ல என்பதால் அதை இத்தோடு விடுகிறேன்.

மார்ட்டின் மக்கின்னஸின் வார்த்தை இந்த இடத்தில் முக்கியம். ஐரிஷ் குடியரசுவாத ஆயுத இயக்கமான ஐஆர்ஏவின் முன்னாள் தளபதி அவர். 1984இல் பிரைட்டன் ஓட்டலில் ஐந்து பேரைக் கொன்ற, தாட்சர் மயிரிழையில் தப்பிய குண்டுவெடிப்பு அந்த இயக்கத்தின் வேலை. அவர்தான் தம் ஆட்களைப் பார்த்துக் கொண்டாடாதீர்கள் என்றார்; தாட்சர் அமைதிக்கு உழைத்தவர் அல்ல, ஆனாலும் அவர் சாவு நம் மனதில் நஞ்சு கலக்க விடக் கூடாது என்ற பொருளில் சொன்னார். மிகக் கடுமையாகப் போரிட்டவர்களிடமிருந்து நிதானமும், தூரத்தில் நின்றவர்களிடமிருந்து ஆட்டமும் வருவது வேறு சாவுகளிலும் உண்டா என்று பேராளர்கள் பார்த்துச் சொல்ல வேண்டும்.

வந்திருக்கும் கட்டுரைச் சுருக்கங்களைப் படித்தபோது எனக்கு ஒரு குறை பட்டது. கோபப்பட்டவர்களைப் பற்றி நிறைய இருக்கிறது. அழுதவர்களைப் பற்றி அநேகமாக ஒன்றுமில்லை. அழுதவர்கள் எல்லாம் அரண்மனைக்காரர்கள் அல்லர். 1980ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தால், வாடகைக்கு இருந்த நகராட்சி வீட்டைச் சலுகை விலையில் சொந்தமாக்கிக்கொண்ட குடும்பங்கள் தாட்சர் காலத்திலேயே பத்து லட்சத்தைத் தாண்டும். பூங்கொத்தோடு அவருடைய லண்டன் வீட்டு வாசலுக்கு வந்தவர்களில் அவர்களும் இருந்திருப்பார்கள். ஃபாக்லாந்து தீவுகளில் அவர் பெயரால் ஒரு நினைவு நாளே உண்டு. 1982 போரில் 255 பிரிட்டிஷ் வீரர்களையும் 649 அர்ஜென்டினியரையும் பலிகொண்ட வெற்றி, அந்தத் தீவினருக்கு வாழ்வு. மூன்று தேர்தலில் வென்றும் ஒருமுறைகூட அவர் கட்சி 44 சதவீத வாக்கைத் தொடவில்லை என்று எதிரிகள் சொல்வது உண்மை. மூன்று முறையும் 42க்குக் கீழே இறங்கவில்லை என்பதும் உண்மை. அந்த நிலையான 42 சதவீதம் யார் என்று கேட்காத ஆய்வு, ஒரு ஊர்வலத்தை மட்டும் படம் எடுத்ததாகிவிடும்.

தமிழர்களாகிய நமக்கு இதில் நேரடித் தொடர்பு ஒன்றுண்டு. 1985 ஏப்ரலில் இலங்கை சென்ற தாட்சர், பிரிட்டிஷ் உதவியில் கட்டப்பட்ட மகாவலித் திட்டத்தின் விக்டோரியா அணையின் திறப்பில் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனவோடு நின்றார். 1983 ஜூலைத் தமிழர் படுகொலைகள் முடிந்து இரண்டாண்டுகூட ஆகவில்லை. அடுத்த மாதமே இலங்கையருக்கு விசா கட்டாயமானது. ஒரு காமன்வெல்த் நாட்டுக்கு பிரிட்டன் அப்படி விதித்தது அதுவே முதன்முறை. 1987 பிப்ரவரியில் ஹீத்ரோ விமான நிலையத்தில், திருப்பி அனுப்பப்படவிருந்த ஐம்பதுக்கும் மேற்பட்ட தமிழ் அகதிகள் ஆடைகளைக் களைந்து உள்ளாடையோடு நின்று விமானம் ஏற மறுத்தார்கள். அதே ஆண்டு வந்த சட்டம், உரிய தாளில்லாத பயணியை ஏற்றிவரும் விமான நிறுவனத்துக்குத் தலைக்கு 1,000 பவுண்டு அபராதம் போட்டது. அந்த அகதிகளின் தலைமுறை இப்போது லண்டனில் முதுமையை எட்டுகிறது. தாட்சர் என்ற பெயர் அந்த வீடுகளில் எப்படிப் பேசப்படுகிறது, கடை வைத்து முன்னேறியவர் என்ன சொல்கிறார், தடுப்பு முகாமில் கிடந்தவர் என்ன சொல்கிறார் என்று யாராவது ஒலிப்பதிவு செய்தால், அடுத்த மாநாட்டில் அவருக்கு இரண்டு கட்டுரை நேரம் தரச் சொல்லி ஏற்பாட்டாளரிடம் நானே சண்டை போடுவேன்.

நடைமுறை விஷயம் ஒன்று சொல்லி அமர்கிறேன். சாவன்று வருவது, சடங்கன்று வருவது, ஆண்டு நினைவில் வருவது ஆகிய மூன்றையும் பல கட்டுரைகள் கலந்துகட்டி ‘மக்கள் எதிர்வினை’ என்கின்றன. வாசிக்கும்போது ஒவ்வொன்றுக்கும் தேதியும் ஊரும் சொல்லுங்கள். உதாரணத்துக்கு, கோல்ட்தோர்ப் ஊர்வலம் சாவுச் செய்திக்கு எழுந்தது அல்ல. லண்டன் சடங்குக்குப் பதிலாக, அதே நாளில் எடுத்தது. ஒன்பது நாள் வித்தியாசத்தில் பொருளே மாறுகிறது. தலைக்குப் பதினைந்து நிமிடம். மணி என் கையில்தான் இருக்கிறது, தயங்காமல் அடிப்பேன். முதல் அமர்வின் கட்டுரையாளர்கள் மேடைக்கு வரலாம்.