லயத்து வீட்டுச் சிலந்திகள்

(தோட்டக் கிளையின் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளமும் போனசும் பேச வேண்டிய மேடையில் எட்டுக்கால் பூச்சியைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். சிரிப்பவர்கள் சிரிக்கலாம். ஆனால் சென்ற மாதம் நம் லயத்தில் நடந்ததை எண்ணினால் சிரிப்பு வராது. ஒரு பையனுக்கு முழங்கை மடிப்பில் கொப்புளம் கண்டது. "எட்டுக்கால் பூச்சி மூத்திரம் பட்டுவிட்டது" என்றார்கள். சுண்ணாம்பு தடவினார்கள், புண் சீழ் வைத்தது. தகப்பனுக்கு இரண்டு நாள் வேலை போயிற்று. அதோடு நின்றதா? பூச்சியை ஒழிக்கிறோமென்று, தோட்டத்து மருந்தின் மிச்சத்தைச் சர்பத் போத்தலில் ஊற்றிக் கொண்டுவந்து சுவரெல்லாம் அடித்தார்கள். மீதிப் போத்தல் தண்ணீர்ப் பானை அருகிலேயே இருந்தது. சின்னப் பெண் மூடியைத் திருகும்போது பாட்டி ஓடிவந்து பிடுங்கிவிட்டார்கள்.

அந்தக் கொப்புளம் சிலந்தியின் வேலையே அன்று. இரவில் விளக்கு வெளிச்சத்துக்கு வரும் ஒரு சிறு வண்டின் வேலை. அரை அங்குலத்துக்கும் குறைவான நீளம். எறும்பு போன்ற உடல். சிவப்பும் கறுப்புமாய்ப் பட்டை. மலாய்க்காரர்கள் அதைச் 'செமுட் காயாப்' என்பார்கள். காயாப் என்றால் நாம் சொல்லும் அக்கி. அது கடிப்பதுமில்லை, கொட்டுவதுமில்லை. தோலின்மேல் வைத்து நசுக்கினால் உடற்சாறு பட்டு, ஒன்றிரண்டு நாளில் தீப்பட்டதுபோல் கொப்புளிக்கும். மேலே ஊர்ந்தால் ஊதித் தள்ளுங்கள். நசுங்கிவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கையைக் கண்ணில் வைக்காதீர்கள்.

சிலந்திகளோ பெரும்பாலும் நம் கட்சி. கூரை மூலையில் நூல்போன்ற நீண்ட கால்களோடு தொங்கி, தொட்டால் வலையோடு கிடுகிடுவென ஆடுகிறதே, அது கொசுவைப் பிடித்துத் தின்பது. டிங்கிக் கொசுவும் அதற்கு இரைதான். சுவரில் தாவித் தாவிப் போகும் சிறியது வலை கட்டாது. ஈயைப் பாய்ந்து பிடிக்கும். அந்த இனத்தில் ஒன்றைத்தான் சிறுவயதில் தீப்பெட்டிக்குள் வைத்திருந்து சண்டைக்கு விட்டோம். நாம் தோற்றதை இன்றும் சொல்லிக்காட்டுவோர் இக்கூட்டத்தில் இருக்கிறார்கள்!

உள்ளங்கை அகலத்தில், தட்டையாய், பழுப்பு நிறத்தில் இரவில் ஓடுகிறதே, அதைக் கண்டுதான் வீட்டில் அலறல். அது கரப்பான் வேட்டைக்காரன். வயிற்றடியில் வட்ட வில்லை ஒன்றைச் சுமந்து போனால், முட்டைப்பையோடு போகும் தாய் என்று அறியுங்கள். கையால் பிடித்தால் கடிக்கும், வலிக்கும், அவ்வளவே. விடியுமுன் பால்வெட்டப் போகையில் மஞ்சள் நூல் முகத்தில் அப்புகிறதே, அந்தப் பெரிய சிலந்தி மரத்துக்கு மரம் வலை கட்டுவது, வீட்டை நாடாது.

மண்மேட்டுப் பொந்தில் இருக்கும் மயிரடர்ந்த பெரிய சிலந்தியிடம் மட்டும் விலகி நில்லுங்கள். பொந்துக்குள் சிறுவர்கள் குச்சி விடுவதைக் கண்டால் தடுங்கள். கடித்தால் கடும் வலி உண்டு. சுண்ணாம்பைத் தேடாமல் நேரே கிளினிக்குக்குப் போக வேண்டும்.

இனி, அந்தப் போத்தல். மருந்துக் கொட்டகை பூட்டில்லாமல் கிடந்தது நிர்வாகத்தின் குற்றம். அளவு குறைவதைக் கணக்கில் கண்டும் வாய் திறவாமல் இருந்தது, பேரேடு எழுதும் கிராணிகளாகிய நம் குற்றம். பூட்டுக் கேட்டு நிர்வாகத்துக்கு எழுதிய கடிதம் அடுத்த செயற்குழுவில் வாசிக்கப்படும். வீட்டில் மிச்ச மருந்து வைத்திருப்பவர்கள் அன்று கொண்டுவந்து ஒப்படைக்கலாம். யார் பெயரும் எழுதப்படமாட்டாது.