‘ஆள் கிடைக்கல’ என்று யார் சொல்கிறார்கள்?

(விவசாயக் கூலித் தொழிலாளர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



‘முதுமையடையும் சமூகமும் தொழிலாளர் பற்றாக்குறையும்’ என்று எனக்குத் தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். இது படித்தவங்க பாஷை. டெல்டாவில் இதுக்குப் பேர் ‘ஆள் கிடைக்கல’. டீக்கடையில, நெல் கொள்முதல் நிலையத்துல, கல்யாணப் பந்தியில, எங்கே போனாலும் நிலம் வச்சிருக்கிறவன் இதைத்தான் சொல்றான். ஆள் கிடைக்கல, கிடைச்சாலும் பத்து மணிக்கு வர்றான், ரெண்டு மணிக்குக் கரையேறிடுறான்.

‘ஆள்’ என்கிற சொல்லைக் கொஞ்சம் கவனிக்கணும். அகராதியில ஆள் என்றால் மனுஷன். பண்ணை வீட்டுத் திண்ணையில ஆள் என்றால் பண்ணையாள், படியாள். ‘உன் வீட்ல எத்தனை ஆள்’ என்று அவன் நம்ம தாத்தாவைக் கேட்டபோது எத்தனை வயிறு என்று கேட்கவில்லை, எத்தனை கை என்றுதான் கேட்டான்.

கணக்கு இல்லாமல் பேச வேண்டாம். தமிழ்நாட்டில் பிறப்பு குறைந்துகொண்டே வருவது உண்மை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புப்படி இங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 பிள்ளை. பீகாரில் 3. 2011 சென்சஸில் நம்மில் பத்துப் பேரில் ஒருத்தர் அறுபதைத் தாண்டியவர். 2031இல் நூற்றுக்கு 18 பேர் அப்படி இருப்பார்கள் என்று மத்திய அரசின் நிபுணர் குழு கணக்குப் போட்டிருக்கிறது. கேரளத்துக்கு அடுத்து நாம்தான். எங்க தெருவையே எடுத்துக்குங்களேன். நடவுக்குப் போகிற பொம்பளைங்களில் அம்பதுக்குக் கீழே ஆளே இல்லை. பிள்ளைங்க திருப்பூர், சென்னை, சிங்கப்பூர் என்று போயாச்சு.

ஆக, கிழடு கூடுது, இளசு குறையுது. இது இயற்கை. ஆனால் ‘அதனால ஆள் கிடைக்கல’ என்று அடுத்த வரியைச் சொல்றாங்களே, அதில்தான் எனக்குத் தகராறு. ஏன்னா, இளசுகள் மலிந்து கிடந்த காலத்திலும் இதே ஒப்பாரியைத்தான் வச்சாங்க.

1834இலிருந்து மொரிசியஸுக்கு, பிறகு இலங்கைக் காப்பித் தோட்டத்துக்கு, 1860இல் நடாலுக்கு, மலேயாவுக்கு என்று கப்பல் கப்பலாக நம்ம சனம் போனது. வட ஆற்காட்டுச் சேரிகள் கோலார் தங்கவயலுக்குப் போயின. 1843 சட்டம் அடிமைமுறையைக் காகிதத்தில் ஒழித்துவிட்டது. நிலத்தில் அது அப்படியேதான் இருந்தது. அதனால் கால் நடந்தது. போன இடத்தில் சொர்க்கம் ஒன்றும் இல்லை. கங்காணி இருந்தான், கடன் இருந்தது, காய்ச்சல் இருந்தது. ஆனாலும் போனார்கள். இரட்டைமலை சீனிவாசனே நடாலில் கோர்ட்டு மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தவர்தான். தங்கவயல் மாரிக்குப்பத்தில் அயோத்திதாசரின் பௌத்த சங்கம் வேர் பிடித்தது. சொந்த ஊர்ப் பண்ணையில் இருந்துகொண்டு அப்படி ஒரு சங்கம் வைத்திருக்க முடியுமா?

அப்போதும் மிராசுதார்கள் அழுதார்கள். செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் பறையர்களின் நிலைமை பற்றி அறிக்கை எழுதினார். அதன் விளைவுதான் 1892 பஞ்சமி நில ஆணை. சேரிக்காரனுக்கு நிலமோ வீட்டுமனையோ கொடுக்கப் போனாலே மிராசுதார்கள் எதிர்த்தார்கள். குடியிருக்கிற குடிசை பண்ணைக்குச் சொந்தமாக இருந்தால்தான் ஆள் கைக்குள் இருப்பான். மனை அவன் பேருக்குப் போய்விட்டால் கூலி கேட்பான். இதுதான் அவர்களது பொருளாதாரம்.

1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பல மிராசுதார்கள் என்ன செய்தார்கள்? பண்ணையாளைக் கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டு அன்றாடக் கூலிக்கு மாறினார்கள். நாம் நெல்லுக்கூலி கூடக் கேட்டபோது வெளியூர் ஆட்களை இறக்கி அறுப்பு அறுத்தார்கள். அந்தத் தகராறு எங்கே போய் முடிந்தது என்று இந்தக் கூட்டத்துக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1968 டிசம்பர் 25, வெண்மணி, 44 உயிர். அதற்கப்புறம்தான் 1969இல் கீழத்தஞ்சைக்கு நியாயக்கூலிச் சட்டமே வந்தது.

இப்போது சமீபத்துக்கு வருவோம். 2005இல் நூறுநாள் வேலைச் சட்டம் வந்ததிலிருந்து ‘நூறுநாள் வேலை வந்து விவசாயத்தைக் கெடுத்துடுச்சு’ என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. கிழவிங்க மரத்தடியில உக்காந்து சம்பளம் வாங்குதுன்னு சிரிச்சாங்க. மரத்தடியில உக்காரக்கூட அந்தக் கிழவிக்கு உரிமை இல்லை பாருங்க. 2025 டிசம்பரில் அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டுப் புதுச் சட்டம் நிறைவேற்றினார்கள். காகிதத்தில் 125 நாள். ஆனால் உள்ளே ஒரு பிரிவு இருக்கிறது. விதைப்பு, அறுப்புக் காலமாகப் பார்த்து வருஷத்தில் மொத்தம் அறுபது நாளுக்கு இந்த வேலையை நடத்தக் கூடாது. அதாவது கூலிக்காரிக்குப் பேரம் பேச வலு இருக்கிற அந்த ரெண்டு மாசத்தில் மாற்று வேலை இருக்கக் கூடாது. மிராசுதாரின் பழைய அழுகையை டெல்லி காதில் வாங்கிச் சட்டமாகவே எழுதிக் கொடுத்திருக்கிறது.

ஆகவே பற்றாக்குறை தலைக்கணக்கு மட்டுமல்ல. அந்தக் கூலிக்கு, அந்த ஏச்சுக்கு, அந்தத் தனிக்குவளைக்கு வந்து குனிய ஆள் இல்லை. நம்ம பிள்ளைங்க ஊரைவிட்டுப் போனதை யாரும் ‘பற்றாக்குறை’ என்று சொல்லவிடாதீங்க. அம்பேத்கர் கிராமத்தை விட்டு வெளியேறச் சொன்னார், வெளியேறினார்கள்.

சரி, அந்த இடத்தில் இப்போது வேறு ஆட்கள் வந்திருக்கிறார்கள். இதைப் பேசத்தான் நான் வந்தேன், சுற்றி வளைத்துவிட்டேன்.

சில வருஷமாகத் தஞ்சை, திருவாரூர்ப் பக்கம் மேற்கு வங்கத்திலிருந்து நடவுக்கு ஆட்கள் வர்றாங்க. பெரும்பாலும் ஆம்பளைங்க. ஏக்கருக்கு இவ்வளவு என்று ஏஜெண்டு பேசிக் கூட்டிவர்றான். விடிகிறதுக்கு முன்னால இறங்கி, பத்துப் பதினஞ்சு பேர் ஒரே நாள்ல ஏக்கர் கணக்கா முடிக்கிறாங்க. அறுப்பை மெஷின் எடுத்துக்கிட்டுது. பொம்பளைங்களுக்கு மிச்சம் இருந்தது நடவும் களையும். நடவும் கையை விட்டுப் போகுது. ‘வடக்கன் வந்து எங்க பொழப்பக் கெடுத்துட்டான்’ என்று நம்ம அம்மாமாருங்க சொல்லும்போது அது பொய் இல்லை. மேடையில் சர்வதேசியம் பேசிவிட்டு அதைக் கேட்காத மாதிரி போக என்னால் முடியாது.

ஆனால் அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுறது? 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளிகளை அடித்துக் கொல்றாங்கன்னு பொய் வீடியோ பரப்பினார்கள். பீகார் அரசு ஒரு குழுவையே அனுப்பியது. பயந்து ரயிலேறியவர்களும் உண்டு. பொய் பரப்பியது வெளியே இருந்து. ஆனால் அந்தப் பொய்யை நம்பும்படி ‘வடக்கன்’ என்று இங்கே அன்றாடம் ஏசிக்கொண்டிருந்தோமே, அது நம்ம பங்கு. ‘வடக்கன் அழுக்கு, பாக்கு துப்புறான், திருடுவான், ஒரு ரூம்ல இருபது பேர் படுக்கிறான்’. இந்த வாக்கியத்தில் ‘வடக்கன்’ என்பதை எடுத்துவிட்டு நம்ம சாதிப் பேரைப் போட்டுப் படிங்க. எங்கேயோ கேட்ட மாதிரி இல்லை?

வருகிறவர்களில் தலித்துகள், ஆதிவாசிகள், ஏழை முஸ்லிம்கள் நிறையப் பேர். 1946இல் அம்பேத்கரை அரசியல் நிர்ணய சபைக்கு அனுப்பி வைத்தது பம்பாய் இல்லை. வங்காளம். ஜோகேந்திரநாத் மண்டலும் அவரது நாமசூத்திர மக்களும் பின்னால் நின்றதால் நடந்தது அது. அந்த மக்களின் பேரப்பிள்ளைகள் நம்ம வாய்க்காலில் குளித்துக்கொண்டிருக்கலாம்.

கிழடு கூடிய நாடு வெளியாளை எப்படி வைத்திருக்கும் என்பதற்குச் சிங்கப்பூரைப் பாருங்க, நம்ம பிள்ளைங்களே சாட்சி. அங்கே 2023இல் ஒரு பெண்ணுக்கு ஒரு பிள்ளைகூட இல்லை, 0.97. கட்டடம் கட்ட, சாக்கடை தள்ள, கிழவங்களைக் குளிப்பாட்ட வெளியாள் வேணும். ஆனால் வொர்க் பெர்மிட்டுக்காரன் குடும்பத்தைக் கூட்டிவரக் கூடாது. அந்த ஊர்ப் பெண்ணைக் கட்ட அரசு அனுமதி வாங்கணும். வீட்டுவேலைக்குப் போன பெண் கர்ப்பமானால் திருப்பி அனுப்பிடுவாங்க. தங்குறது ஊர் ஓரத்து டார்மிட்டரி. 2020இல் கொரோனா வந்தபோது அதன் கதவைத்தான் முதலில் பூட்டினார்கள். அந்த வருஷம் முடிவதற்குள் அங்கே தங்கியிருந்தவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குத் தொற்று வந்துபோயிருந்தது. ஊருக்கு வெளியே, காற்று போகிற திசை பார்த்து ஒரு குடியிருப்பு. கை மட்டும் உள்ளே வரணும், ஆள் வெளியே தங்கணும். இதுக்கு நம்மகிட்ட ஆயிரம் வருஷமாப் பேர் இருக்கு.

இலங்கையில் நடந்தது இன்னும் கொடுமை. மலையைத் தோட்டமாக்கினது நம்ம சனம். வேலை தேவைப்பட்டவரை ஆள். 1948இல் ஓட்டு எண்ணும் நேரம் வந்ததும் அந்நியன். குடியுரிமை பறித்தார்கள். 1964 சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று மூட்டை பிரிக்கிற மாதிரி பிரித்தார்கள். அவர்களில் பெரும்பகுதி நம்ம சேரிகளிலிருந்து போனவர்கள்தான்.

இடையில் இன்னொரு வேடிக்கை. மூணு பிள்ளை பெத்தவன் பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்கக் கூடாது என்று 1994இல் சட்டம் போட்ட ஆந்திரா, 2024இல் அதை எடுத்துவிட்டது. நிறையப் பெத்துக்குங்க என்று சந்திரபாபு நாயுடு சொன்னார். அதே அக்டோபரில் சென்னையில் ஒரு கல்யாண மேடையில் பதினாறு பெற்றால் என்ன என்று ஸ்டாலின் கேட்டார். எம்.பி. தொகுதி குறையும் என்கிற பயம் நியாயமானதுதான், நான் மறுக்கலை. ஆனால் தமிழ்நாட்டில் குடும்பக் கட்டுப்பாடு என்பது ஏறக்குறைய முழுக்கப் பொம்பளை வயிற்றில் போட்ட கத்தி. ஆம்பளை ஆபரேஷன் ஆயிரத்துல ஒண்ணு தேறுமா என்பதே சந்தேகம். அன்றைக்கு அறு என்றார்கள், இன்றைக்குப் பெறு என்கிறார்கள். இரண்டு தடவையும் அவளைக் கேட்கவில்லை.

கிழடு என்று பொதுவாகச் சொல்றாங்களே, எல்லாக் கிழடும் ஒண்ணா? அக்ரகாரத்துலயும் பண்ணை வீட்டுலயும் பிள்ளைங்க அமெரிக்காவுல. கிழவருக்கு மூத்திரச் சட்டி எடுக்க, துடைக்க, தூக்கி உட்கார வைக்க ஆள் வேணும். அது யார் என்று கேட்டுப் பாருங்க. கொல்லைப்புறமா வந்த நம்ம அக்காவோ, ஜார்கண்டிலிருந்து வந்த ஆதிவாசிப் பொண்ணோதான். அந்த அக்காவுக்கு அறுபது ஆனால்? முதியோர் உதவித்தொகை 2023 ஆகஸ்டில் 1,200 ஆக உயர்ந்தது. அதில் எண்பது வயசுக்குள்ளவங்களுக்கு மத்திய அரசின் பங்கு 200 ரூபாய். 2007இலிருந்து அதே 200. அந்தப் பணத்தில் உட்கார்ந்து சாப்பிட முடியாது. அதனாலதான் முட்டி வலியோட சேத்துல இறங்குது கிழவி. இறங்கின இடத்துல வங்காளத்துப் பையனோட போட்டி போட வேண்டியிருக்கு.

என்ன செய்யலாம்? ‘வெளியாளை விடாதே’ என்பது வெண்மணிக் காலத்தில் கூலிப் போராட்டத்தின் கோஷம், அன்றைக்கு அது சரி. இன்றைக்கு அதே கோஷத்தை வேறு கட்சிக்காரர்கள் தூக்கிக்கொண்டு வருவார்கள், எச்சரிக்கையாக இருக்கணும். ஏக்கர் நடவுக்கு ஒரே ரேட் என்று நாம் முடிவு பண்ணி, அவர்களும் அதற்குக் கீழே இறங்காமல் இருக்கப் பேசணும். பொம்பளை நட்டாலும் அதே ரேட். 1979 வெளிமாநிலத் தொழிலாளர் சட்டம் அஞ்சு பேரைக் கூட்டிவந்தாலே ஒப்பந்தக்காரனைப் பிடித்தது. அதைக் கலைத்துப் புதுத் தொகுப்பில் பத்துப் பேராக்கி, இடப்பெயர்வுப் படியையும் எடுத்துவிட்டார்கள். அதனால் ஒன்பது ஒன்பது பேராகக் கணக்குக் காட்டத் தோதாகிவிட்டது. ஏஜெண்டு எத்தனை பேரைக் கூட்டிவர்றான், எவ்வளவு கழிச்சுக்கிறான், எங்கே படுக்க வைக்கிறான் என்று ஊர் ஊராக நாமே எழுதி வைப்போம். 2020 அக்டோபரிலிருந்து அவங்க கார்டுக்கு இங்கே ரேஷன் உண்டு. அது அவர்களில் பலருக்குத் தெரியாது.

இதையெல்லாம் வங்காளத்தில் ஒரு பக்கம் நோட்டீசாக அடிக்கணும். எழுத நம்மிடம் ஆள் இல்லை. ஆனால் திருப்பூர்ல அவங்களோட ஒரே லைன் வீட்டில் தங்கி, ஒரே ஷிப்ட் பார்த்துட்டு வந்த பையங்க நம்ம தெருவிலேயே நாலைஞ்சு பேர் இருக்காங்க. இந்தி நல்லாவே பேசுவாங்க. தை அறுப்புக்கு ஊருக்கு வரும்போது அவங்களை முதல்ல இங்கே கூட்டிவரணும்.