ஈரச் சுவரும் இல்ல நலமும்



2021ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள், கிள்ளானை அடுத்த தாமான் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்ததை நாம் மறக்கவில்லை. வெள்ளம் சில நாள்களில் வடிந்தது. ஆனால், செங்கல்லும் சிமெண்டுப் பூச்சும் உறிஞ்சிய நீர் அவ்வளவு விரைவில் வெளியேறுவதில்லை. நம் நாட்டுக் காற்றில் ஆண்டு முழுவதும் ஈரம் மிகுந்திருப்பதால், சுவர் உலர வாரங்கள், சிலவேளை மாதங்கள் ஆகும்.

பொங்கல் நெருங்குகிறதே என்று ஈரச் சுவரில் சாயம் பூசுவோர் உளர். அது வீண் செலவு. உள்ளே அடைபட்ட நீர் சாயத்தை உரித்துவிடும். பூஞ்சணம் மீண்டும் படரும். அது ஆஸ்துமா உள்ள குழந்தைகளின் மூச்சுத் திணறலை மிகுவிக்கும். மழையில் நனைந்த ரப்பர் மரத்தில் நாம் கத்தி வைப்பதில்லை. பட்டை காயும்வரை பொறுக்கிறோம். அதே பொறுமை சுவருக்கும் வேண்டும். பிளாஸ்டிக் தாளொன்றைச் சுவரில் நாற்புறமும் ஒட்டி மறுநாள் பாருங்கள். உட்புறம் நீர்த்துளி தெரிந்தால் சுவர் இன்னும் உலரவில்லை என்பது பொருள்.

வெள்ளம் வாராத வீட்டிலும் ஈரம் சேரும். அடைத்த அறையில் காயும் துணியிலிருந்தும், கொதிக்கும் உலையிலிருந்தும் எழும் ஆவி, இரவில் குளிர்ந்த தகரக் கூரையின் அடியில் துளியாகப் படிகிறது. துணியை வெளியில் உலர்த்துங்கள். சமைக்கும்போது சன்னலைத் திறந்து வையுங்கள். படிந்த பூஞ்சணத்தை மூக்கை மூடிக்கொண்டு, சவர்க்கார நீரால் தேய்த்துக் கழுவுங்கள்.

கூரை ஒழுகினால் நிர்வாகத்திடம் உடனே தெரிவியுங்கள். தொழிலாளர் வீட்டுவசதி குறித்த 1990ஆம் ஆண்டின் 446ஆவது சட்டப்படி, வீடுகளைப் பழுதின்றிப் பராமரிப்பது முதலாளியின் கடமை. அதனைக் கேட்பது உங்கள் உரிமை. வீட்டிற்குள் காற்றோட்டம் பேணுவது உங்கள் பொறுப்பு.