பூனையின் மணற்பெட்டியும் நாயின் மூக்கும்

பூனையும் நாயும் பிறவிப் பகைவர் என்பது பழைய எண்ணம். இளமை தொட்டு ஒரே வீட்டில் வளர்ந்த பூனையும் நாயும் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து உறங்குவதைப் பல இல்லங்களிற் காணலாம். ஆயினும், அத்தகைய இல்லங்களிலும் இவ்விரண்டுக்குமிடையே ஒரு வழக்கு மாத்திரம் தீராது நிற்பதுண்டு. பூனை மலசலங் கழிக்கும் மணற்பெட்டியை நாய் கிளறுவதும், அதிற் கிடப்பதை உண்பதுமே அவ்வழக்காகும். சொல்லக் கூசும் பொருளெனினும், வீட்டாரின் சுகத்தையும் பூனையின் உயிரையும் தொடுகின்ற பொருளாதலின், நேயர்கள் இதனைச் சற்றுப் பொறுமையுடன் கேட்டல் நன்று.

வளவும் முற்றமுமுள்ள வீடுகளில் இவ்வழக்குப் பெரிதாக எழுவதில்லை. பூனை வேலியோரத்து மணலிலோ வாழையடியிலோ குழி பறித்து, தன் கருமத்தை முடித்து, மூடிவிட்டுப் போய்விடும். தொடர்மாடி வீட்டில் அடைபட்டு வாழும் பூனைக்கோ அந்த மண்ணை வீட்டினுள்ளேயே கொணர்ந்து கொடுக்கவேண்டியதாகின்றது. முன்னாளில் மணலும் சாம்பலும் இதற்குப் பயன்பட்டன. 1947ஆம் ஆண்டு, அமெரிக்காவின் மிச்சிக்கன் மாநிலத்திலே, மணல் குளிரில் உறைந்துபோனமையால் இடருற்ற அயல்வீட்டுப் பெண்மணி ஒருவருக்கு, எட்வேட் லோ என்பவர் ஈரத்தை உறிஞ்சும் களிமண் மணிகளைக் கொடுத்துதவினார். இன்று கடைகளில் விற்கப்படும் பூனைமணலின் வரலாறு அங்கிருந்து தொடங்குகின்றது. பின்னர், 1980ஆம் ஆண்டுகளில், ஈரம் பட்டதும் கட்டியாக இறுகும் பெந்தனைற்றுக் களிமண் வழக்கிற்கு வந்தது. துப்புரவு செய்வோர்க்கு அது பெரும் வசதி. ஆனால், மலத்தோடு அதனையும் விழுங்கும் நாய்க்கு அது ஆபத்தானது. மிகுதியாக உட்சென்றால் குடலை அடைத்துவிடக்கூடும்.

நாய் ஏன் அங்கே செல்கின்றது? பூனை புலாலுண்ணும் பிராணி. அதன் உணவிற் புரதமும் கொழுப்பும் மிகுதி. அவற்றின் வாசனை கழிவிலும் எஞ்சி நிற்கின்றது. மனிதருக்கு அருவருப்பூட்டும் அவ்வாசனை நாயின் மூக்குக்கு உணவின் அழைப்பாகும். 2018ஆம் ஆண்டில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெஞ்சமின் ஹாற் முதலானோர் நாய்களின் மலமுண்ணும் பழக்கம் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஏறத்தாழ ஆறு நாய்களில் ஒன்று, நாய்களின் மலத்தை அடிக்கடி உண்பது அதிற் புலனாயிற்று. அப்பழக்கத்தைத் தடுக்கவென விற்கப்படும் பொடிகளும் குளிகைகளும் பெரும்பாலும் பயன் தரவில்லை என்பதும் தெரியவந்தது. நல்ல வளர்ப்பிற் குறைவில்லாத நாய்களும் இதனைச் செய்கின்றன. ஆகவே, இதனை நாயின் கெட்ட குணமென்று கொள்வது பொருந்தாது. எனினும், முன்பு இப்பழக்கமில்லாத நாய் திடீரெனத் தீராப் பசியுடன் இதனைத் தொடங்குமாயின், மிருக வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும்.

இதனால் விளையும் தீங்குகள் மூவகைப்படும். முதலாவது, பூனையின் குடலிலுள்ள புழுக்களும் நோய்க்கிருமிகளும் நாயைச் சேர்தல். இரண்டாவது, அவை வீட்டாரை அண்மித்தல். ரொக்சோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிரின் முட்டைபோன்ற சிதல்கள், அந்நோய் தொற்றிய பூனையின் மலத்திற் சில காலம் வெளிப்படுகின்றன. அவை வெளிப்பட்ட 1 முதல் 5 நாள்களுக்குள் பிறரைத் தொற்றும் வலிமை பெறும். நாயின் வயிற்றினூடாக அழியாது வெளிவரவுங்கூடும். கருவுற்ற தாய்மார் உள்ள வீட்டில் இது பாராமுகமாக விடத்தக்கதன்று. அத்தகையோர் மணற்பெட்டியைத் துப்புரவு செய்யாதிருத்தலே சிறப்பு.

மூன்றாவது தீங்கு பூனையைச் சார்ந்தது. இதனையே பலரும் கவனியாது விடுகின்றனர். மலசலங் கழிக்கும் வேளையில் எவ்வுயிரும் பாதுகாப்பற்றே இருக்கும். அந்நேரம் பார்த்து நாய் வாயிலில் வந்து நிற்குமாயின், பூனை பெட்டியை அஞ்சத் தொடங்கும். சில பூனைகள் வீட்டின் மூலையையும் துணிக்கூடையையும் நாடும். அதற்காக ஏச்சும் வாங்கும். வேறு சில அடக்கிக்கொண்டிருக்கும். அச்சமும் மனநெருக்கடியும் பூனையின் சிறுநீர்ப்பை அழற்சிக்கு ஏதுவாகும். ஆண் பூனைக்குச் சிறுநீர் வழி முற்றாக அடைபடுமாயின், ஓரிரு நாள்களிலேயே உயிர் போகவும் கூடும்.

இனி, பரிகாரங்களை நோக்குவோம். நாயை அடிப்பது பயனற்றது. அடிபட்ட நாய் பெட்டியை விட்டு நீங்காது. எசமானன் காணாத வேளையைப் பார்த்திருக்கவே கற்றுக்கொள்ளும். மணலில் மிளகாய்த்தூள் தூவுவது அதனினும் தீது; அந்தக் காரத்தில் முதலிற் கால் வைப்பது பூனையே. பெட்டியை ஒடுங்கிய மூலையில் நாற்புறமும் மூடி வைப்பதும் எப்போதும் உதவாது. நாயின் தலை உள்ளே புகும். பூனையோ தப்ப வழியின்றி அகப்பட்டதாக உணரும்.

செய்யத்தக்கவற்றுள் முதலாவது, நாள்தோறும் இருமுறையேனும் கழிவை அகற்றுதல். பெட்டியில் ஒன்றுமில்லையாயின் நாய்க்கு அங்கே வேலையில்லை. சிதல்களும் வலிமை பெறுமுன் நீங்கிவிடும். இரண்டாவது, பூனைக்குத் திறந்ததும் நாய்க்கு அடைத்ததுமான ஒரு வழியை அமைத்தல். பெட்டி வைத்த அறையின் கதவை, பூனை நுழையுமளவு மாத்திரம் திறந்து நிற்குமாறு ஒரு கொளுக்கியால் மாட்டிவிடலாம். குழந்தைகளைத் தடுக்கும் சிறு படலையைத் தரையிலிருந்து சில அங்குலம் உயர்த்திப் பொருத்தினால், பூனை கீழால் நுழையும். பெரிய நாய் வெளியே நிற்கும். நாய் பூனையளவே சிறிதாயின் இவை பலிக்கா. அப்போது உறுதியான மேசையொன்றின் மேல் பெட்டியை வைக்கலாம். ஆனால், மூப்படைந்த பூனையும் குட்டியும் உயரம் ஏறமாட்டா என்பதனை மறத்தலாகாது. மூன்றாவது, நாய்க்குப் பயிற்சியளித்தல். “விடு” என்ற சொல்லுக்கு அது திரும்பி வந்தால், உடனே சுவையான துண்டொன்றைப் பரிசளித்தல் வேண்டும். இப்பயிற்சி கைகூடச் சில வாரங்கள் செல்லலாம். அதுவரை தடுப்பு இருந்தேயாக வேண்டும். நாள்தோறும் போதிய நடையும் விளையாட்டும் கிடைக்கும் நாய், பொழுதுபோக்காகப் பெட்டியைத் தேடுவது குறையும்.

எந்த மாற்றத்தையும் ஒரே நாளிற் செய்யாது, படிப்படியாகச் செய்தல் வேண்டும். பெட்டி இடம் மாறியதைப் பூனை அறிந்து பழகும்வரை, பழைய இடத்திலும் ஒன்றை வைத்திருப்பது நல்லது. பூனைகளின் தொகைக்கு மேலாக ஒரு பெட்டி இருத்தல் வேண்டுமென்பது மிருக வைத்தியர்கள் கூறும் பொதுவிதி.

செய்த ஏற்பாடு சரியானதா என்பதனை நாயைப் பார்த்து முடிவு செய்தல் ஆகாது. நாயைத் தடுத்த ஏற்பாடு பூனையையும் தடுத்திருக்கலாம். பூனை பெட்டிக்கு வழக்கம்போலச் செல்கின்றதா, திரும்பித் திரும்பிப் பாராது அமர்கின்றதா, முடித்தபின் ஆறுதலாக மண்ணைத் தள்ளி மூடுகின்றதா என்று சில நாள்கள் கவனித்தல் வேண்டும். பாய்ந்தோடி வரும் பூனை இன்னும் அஞ்சுகின்றது. அந்த வீட்டில் வழக்கு இன்னும் தீரவில்லை. மூடிவிட்டு நிதானமாக நடந்து வரும் பூனையே, அதற்குரிய இடம் அதற்குக் கிடைத்துவிட்டது என்பதற்குச் சாட்சியாகும்.